சாட்சிக்கு இரண்டு பேர்

கார் வெளிக்கிடுகிற நேரத்தில் கமலாசனி வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காணிக்குப் புறப்பட்டாள். மயில்வாகனம் அவளைப் படலையடியில் வைத்து மறித்தார்.

"சாவியை இஞ்சை தாரும். நாகேஸ்வரியிட்டைக் குடுக்க வேண்டாம்."

"ஏனப்பா? எந்தநாளும் குடுக்கிறதுதானே. மாடு வந்து கத்தினால் அந்த மனுசிதானே கட்டும்."

"மாடு தன்ரை பாட்டிலை வரும், போகும். நாங்கள் எங்கை போறம், எப்ப வருவம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை."

கமலாசனிக்கு இது புதினமாக இருந்தது. எட்டு வருடமாக இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருக்கிறது. அந்தப் பொட்டுக்குள்ளால் உப்பும் போகும், நெருப்புத்தணலும் போகும், ஊர்ப்புதினமும் போகும். சாவி மட்டும் ஏன் போகக்கூடாது? ஆனால், கலியாணம் முடித்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் மனிதர் அவளை ஒரு பயணம் கூட்டிக்கொண்டு போகிறார். விசுவமடுவுக்கும் முல்லைத்தீவுக்கும் நெடுங்கேணிக்கும் போய்ப் பழைய சிநேகிதர்களைப் பார்த்து வருவோம் என்று அவராகவே சொன்னார். அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. தட்டைவடை போட்ட தகரப் பேணியை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

மயில்வாகனம் பிறவியிலேயே சந்தேகக்காரர் அல்லர். மூன்று கிழமைக்கு முன்னர் வரை, தெருவால் போகிறவனைக் கூப்பிட்டு இருத்தி, மோர் கொடுத்து, அவன் போதும் போதும் என்கிற வரைக்கும் கதை சொல்லி அனுப்புகிற மனிதராகத்தான் இருந்தார். அவரைக் கெடுத்தது ஒரு பதிவுத் தபால்.

அரசாங்கக் காணிக் கந்தோர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அது. அவருக்குக் கொடுத்த காணியில் அவர் நிரந்தரமாக வசிப்பதில்லை என்று ஒரு முறைப்பாடு கிடைத்திருக்கிறதாம். அதைக்கூட அவர் சிரித்து விட்டிருப்பார். பிள்ளைகள் இரண்டும் சொந்த ஊரான இணுவிலில் தாய்மாமன் வீட்டில் நின்று படிப்பதால் பொறாமைக்காரர் யாராவது எழுதியிருக்கலாம். இரண்டாவது குற்றச்சாட்டைப் படித்தபோதுதான் அவருக்குச் சிரிப்பு நின்றது. முதலாம் வருடம் இடாப்புப் பார்த்துப் பெயர் கூப்பிட்ட நாட்களில் மயில்வாகனம் என்ற பெயருக்கு வேறொருவர் 'ஓம்' சொன்னார் என்று எழுதியிருந்தது. காணியை ஏன் திரும்ப எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் காட்ட வேண்டுமாம்.

ஐந்து ஏக்கர் வயல். மூன்று ஏக்கர் மேட்டுக்காணி. இணுவிலில் அவருக்குப் பங்கு வந்தது ஒன்றரைப் பரப்பு, ஏக்கரில் பத்திலொன்றும் வராது. இந்தக் காணி போனால் நாற்பத்தெட்டு வயதில் மச்சான் வீட்டில் போய் மூலையில் இருக்க வேண்டியதுதான்.

குற்றச்சாட்டு பொய்யுமல்ல. ஐம்பத்தோராம் ஆண்டு கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்துக்குக் காடு வெட்ட வந்தபோது, மூன்றாம் மாதமே மலேரியா அவரைத் தூக்கிப்போட்டது. இரண்டு மாதம் இணுவிலில் பாயோடு கிடந்தார். செவ்வாய்க்கிழமைகளில் கந்தோர் ஆள் வந்து இடாப்புக் கூப்பிடுவார். ஆள் இல்லை என்றால் பெயர் வெட்டு, காணியும் இல்லை. அந்த இரண்டு மாதமும் அவர் பெயருக்கு 'ஓம்' சொன்னவர் ஒரே கொட்டிலில் கூட இருந்த கதிர்காமநாதன். தன் பெயருக்கு முன்வரிசையில் நின்று ஓம் என்பார், பிறகு ஆள் தெரியாமல் தலையில் துவாய்த் துண்டைக் கட்டிக்கொண்டு பின்வரிசைக்கு ஓடி, மயில்வாகனத்துக்கும் ஓம் என்பார். அவருடைய பங்குக் காட்டை வெட்டியவன் முல்லைத்தீவிலிருந்து கூலிக்கு வந்து அதே கொட்டிலில் தங்கியிருந்த யாகப்பு. அப்போது சாய்ந்த பாலைமரம் ஒன்று யாகப்புவின் வலது காலில் விழுந்தது. இன்றைக்கும் அவன் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறான்.

இந்தச் சங்கதி தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஆகவே எழுதியவன் இரண்டு பேரில் ஒருவன். மயில்வாகனம் மூன்று கிழமையாக இரவும் பகலும் போட்ட கணக்கு இவ்வளவுதான். அந்த வருடம் சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இல்லாததால் வயல் காய்ந்து கிடந்தது. மனிதருக்கு வேலையும் இல்லை. சந்தேகம் வளர்க்க அதைவிட நல்ல காலம் வேறென்ன வேண்டும்? கடிதத்தைப் பெண்சாதிக்கும் காட்டாமல் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு அவர் பழைய பேபி ஒஸ்ரின் காரைக் கிளப்பினார்.

பரந்தனில் திரும்பி, சோளகக் காற்று வாரியடித்த செம்மண் புழுதியைத் தின்றபடி, வெள்ளிக்கிழமை மத்தியானம் விசுவமடுவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கதிர்காமநாதனுக்கு வயல் தண்ணீரில் நின்று நின்று கால் புண்ணாகிப்போனதால், குடியேற்றக் காணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கே மிளகாய்த் தோட்டம் செய்துகொண்டிருந்தார். முற்றம் முழுக்கப் பாயில் செத்தல் மிளகாய் காய்ந்தது. காரைக் கண்டதும் மனிதர் வெறும் மேலோடு ஓடிவந்தார்.

"டேய் மயிலு! இஞ்சேரப்பா இராசேஸ்வரி, ஆர் வந்திருக்கினம் எண்டு பார்!"

அவர் பெண்சாதி இராசேஸ்வரி வந்து கமலாசனியின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. கோழி அடித்தார்கள். தட்டைவடைப் பேணியைத் திறந்து இருந்த இருப்பில் கால்வாசியை முடித்தார்கள். கமலாசனி அன்றைக்குச் சிரித்ததுபோல் சிரித்து வெகுகாலம்.

மயில்வாகனமும் சிரித்தார். ஆனால் அவர் கண் வீட்டை மேய்ந்துகொண்டிருந்தது. மேசையில் மைக்கூடு இருந்தது. பேனை இருந்தது. ஒரு கட்டு வெள்ளைக் கடுதாசியும் இருந்தது. மிளகாய்த் தோட்டக்காரனுக்கு இவ்வளவு கடுதாசி எதற்கு?

"நிறைய எழுதிறாய் போலை?" என்றார், சாதாரணமாகக் கேட்பதுபோல.

"கமக்காரர் சங்கத்துக்கு என்னைத்தானே செயலாளர் ஆக்கி வைச்சிருக்கினம். கந்தோருக்குக் கந்தோர் எழுதிக் கை உளையுது மச்சான்."

கந்தோருக்கு எழுதுகிறானாம்! மயில்வாகனம் கோப்பியை மெல்ல உறிஞ்சினார். மறுநாள் சனிக்கிழமை பின்னேரம், மிளகாய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கதிர்காமநாதன் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். மயில்வாகனத்துக்கு அப்படித்தான் தோன்றியது.

"மயிலு, உங்கடை வாய்க்கால் பக்கம் காணி ஏதும் வெறுமையாய் வருமோ? மூத்தவளின்ரை மனுசன் ஒரு துண்டு நிலமில்லாமல் நிக்கிறான். ஆரும் விட்டிட்டுப் போற காணி இருந்தால் எனக்கொரு சொல்லுச் சொல்லு."

மயில்வாகனம் பாயின் மறுமுனையைக் கீழே விட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்? எழுதுகிற கை இருக்கிறது, கந்தோர்ப் பழக்கம் இருக்கிறது, காணி கேட்கிற மருமகனும் இருக்கிறான். அன்றிரவு அவர் ஒரு கண்ணும் மூடவில்லை. பக்கத்தில் கதிர்காமநாதன் விட்ட குறட்டைகூட அவருக்கு நடிப்பாகப் பட்டது.

ஞாயிறு விடியவே, "வா மச்சான், போக முன்னம் பிள்ளையாரைக் கும்பிட்டிட்டு வருவம்," என்று கூப்பிட்டார். குளக்கட்டுக்குக் கீழே பாலைமரத்தடியில் கல்லுப் பிள்ளையார் இருந்தார். கதிர்காமநாதன் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறந்தபோது, கல்லின் மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மயில்வாகனத்தின் கையில் அந்தக் கடிதம் இருந்தது.

கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணுவது அந்தப் பக்கத்தில் விளையாட்டுக் காரியமல்ல. களவு போன மாட்டுக்கும், காணி எல்லைக்கும், பகைவனிடம்தான் அப்படிச் சத்தியம் கேட்பார்கள். ஒருமுறை கேட்டுவிட்டால், பண்ணியவன் வீட்டாரும் கேட்டவன் வீட்டாரும் அதற்குப் பிறகு ஒருவர் சோற்றில் மற்றவர் கைவைப்பதில்லை. தண்ணீரும் வாங்கிக் குடிப்பதில்லை. மயில்வாகனத்துக்கு இது தெரியாமலில்லை. அந்த நேரத்தில் அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கதிர்காமநாதன் கடிதத்தை முழுவதும் வாசித்தார். திரும்பவும் ஒருமுறை வாசித்தார்.

"இதுக்குத்தான் வந்தனியோ?"

"நான் உன்னிலை ஒண்டும் சொல்லேல்லை. நீ எழுதேல்லை எண்டால் இதிலை அடிச்சுச் சொல்லு. என்ரை மனம் ஆறும்."

"வாயாலை சொன்னால் காணாதோ?"

மயில்வாகனம் கல்லின் பக்கம் கையைக் காட்டினார். கற்பூரம் பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. கதிர்காமநாதன் குனிந்தார்.

"என்ரை பிள்ளையளாணை, நான் எழுதேல்லை. ஒருத்தரைக் கொண்டு எழுதுவிக்கவும் இல்லை."

அடித்து அணைத்தார். தோல் கருகிய மணம் வந்தது. பொய்ச் சத்தியம் பண்ணுகிறவனுக்குக் கை நடுங்கும் என்பார்கள். அவர் கை நடுங்கவில்லை. மயில்வாகனத்துக்கு உண்மையாகவே மனம் ஆறிவிட்டது.

"சரியடா மச்சான், முடிஞ்சுது," என்று தோளில் கைபோடப் போனார்.

கதிர்காமநாதன் ஓரடி பின்னால் நகர்ந்தார். "உனக்கு ஆறினால் சரி," என்றார். குளக்கட்டில் ஏறி வேறு பக்கத்தால் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வெளிக்கிடும்போது இராசேஸ்வரி வெளியே வரவில்லை. குசினி அடுப்படியில் நின்று, "போயிட்டு வாங்கோ" என்ற சத்தம் மட்டும் வந்தது. கார் புதுக்குடியிருப்பைத் தாண்டிய பிறகுதான் கமலாசனி பின் இருக்கையில் தட்டைவடைப் பேணியைக் கண்டாள். மீதி முக்கால்வாசியும் அப்படியே இருந்தது.

"என்னப்பா, நான் குடுத்த பலகாரத்தைத் திருப்பி வைச்சிருக்கினம்? என்ன நடந்தது?"

"மறந்துபோய் வைச்சிருப்பினம்."

"குடுத்த சாமானை மறந்துபோய் ஆரும் காருக்குள்ளை கொண்டுவந்து வைப்பினமோ? நீங்கள் என்னவோ செய்திருக்கிறியள்."

மயில்வாகனம் தெருவைப் பார்த்தபடி ஓட்டினார். அவர் நினைப்பு முல்லைத்தீவில் இருந்தது. இரண்டு பேரில் ஒருவன் இல்லை என்றாகிவிட்டது. அப்படியானால் மற்றவன்தான். சந்தேகம் பாதியாகக் குறைய வேண்டிய இடத்தில் முழுதாகத் திரண்டு ஒரு பக்கம் போய் நின்றது.

யாகப்பு பூசை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வலைக்கொட்டிலில் இருந்தான். ஞாயிறென்றபடியால் கடலுக்குப் போகவில்லை. காரைக் கண்டதும் காலை இழுத்துக்கொண்டு எழுந்து வந்தான். அவன் பெண்சாதி மார்கிறட், இவர்கள் இறங்க முன்னமே அயலில் ஆளனுப்பி நண்டு எடுப்பித்துவிட்டாள்.

"அண்ணை வருவார் எண்டு கனவிலையும் நினைக்கேல்லை. அக்கா, உள்ளை வாங்கோ, வெய்யில்."

கறி கொதிக்கும் வரைக்கும் யாகப்பு கரைவலைச் சம்மாட்டி முதலாளியைப் பற்றியும், நீர்கொழும்பிலிருந்து மீன்பிடிக்க வந்து கரையில் வாடி போட்டுத் தங்கியிருப்பவர்களைப் பற்றியும், மகள் ஜோசப்பின் கொன்வென்ரில் படிப்பதைப் பற்றியும் சொன்னான். மயில்வாகனம் 'உம்' கொட்டினார். கமலாசனி புருசனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இப்போது சந்தேகம் தொற்றிவிட்டது. அது அவரில்தான்.

பாய் விரித்துச் சாப்பாட்டுக் கோப்பைகள் வைத்தாயிற்று. மார்கிறட் சோறு போட்டு, நண்டுக்கறியை விட்டு, பொரித்த மீனையும் எடுத்து வைத்தாள்.

"சாப்பிடுங்கோ அண்ணை. இது அறுக்குளா. உங்கடை காணிக் கந்தோர் ஐயாவுக்கும் இதெண்டால் உயிர். சனிக்கிழமையிலை ஜீப்பைக் கொண்டுவந்து என்னட்டைத்தான் வாங்கிக்கொண்டு போவார்," என்றான் யாகப்பு.

மயில்வாகனத்தின் கை சோற்றில் நின்றது.

"அப்பிடியோ? நல்ல பழக்கமோ?"

"நல்ல மனுசன் அண்ணை. கொட்டிலிலை இருந்து அரைநாள் கதைப்பார். உங்களைப் பற்றியும் கதைச்சனாங்கள். அந்த நாளையிலை காடு வெட்டினது, நீங்கள் காய்ச்சலாய்ப் போனது..."

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. மயில்வாகனம் எழுந்துவிட்டார். பிசைந்த சோறு கோப்பையில் அப்படியே கிடந்தது. ஒரு வாயும் வைக்கவில்லை.

"கமலம், எழும்பும். போவம்."

"அண்ணை? என்ன அண்ணை, கறி உறைப்போ?" யாகப்புவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழும்பப் பார்த்தான். கால் விடவில்லை. மார்கிறட் அகப்பையோடு அப்படியே நின்றாள். மயில்வாகனம் கையைக் கழுவாமல் வெளியே போய்க் காரைக் கிளப்பினார். கமலாசனி அவமானத்தில் அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். போட்ட சோற்றிலிருந்து எழும்புவதைவிட அந்த வீட்டு வாசலில் காறித் துப்பியிருக்கலாம். மார்கிறட் கருவாட்டுப் பார்சல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முடிவு வரைக்கும் காரின் பின்னால் வந்தாள். அவர் நிறுத்தவில்லை.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, காட்டுத்தெருவில், கமலாசனி கதவைத் திறந்து, "நிப்பாட்டாட்டில் குதிப்பன்," என்றாள். நிறுத்தினார். கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். பிள்ளையாரடியில் நடந்ததையும் சொன்னார். அவள் வாசித்து முடித்து அதைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. என்னையும் நம்பேல்லையோ?"

அவர் கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரைக் கிளப்பினார்.

நெடுங்கேணியில் தவராசா வீட்டுக்குப் போக அவளுக்கு விருப்பமேயில்லை. ஆனால் காரின் ரேடியேற்றர் கொதித்து நின்ற இடம் அவர் வாசலாக இருந்தது. தவராசா குடியேற்றத்துக்கு நாலாம் வருடம் உழவு மெசின் ஓட வந்து பழக்கமானவர். இப்போது சொந்த மெசின் வைத்திருந்தார். பெரிய தொண்டை, பெரிய வயிறு. இவர்களை இருத்திவிட்டுத் தேத்தண்ணி வருவதற்குள்ளேயே தொடங்கிவிட்டார்.

"கதிர்காமநாதனையும் பாத்திட்டோ வாறாய்? அவன் இப்பவும் தலையிலை துவாயைக் கட்டிக்கொண்டு உனக்கு ஓம் சொல்லுவானோ?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

மயில்வாகனம் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார். அவர் முகத்தில் ஒரு வெற்றிகூடத் தெரிந்தது.

"உனக்கு எப்பிடித் தெரியும்? நீ அப்ப அங்கை இல்லையே! உனக்கு ஆர் சொன்னது? யாகப்புவோ?"

"ஆர் சொன்னதோ? உனக்கென்ன விசரோ?" தவராசாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்ரை மகளின்ரை கலியாணவீட்டிலை, பந்தலுக்குள்ளை, இருநூறு சனத்துக்கு முன்னாலை நீதானே நடிச்சுக் காட்டினனி! மாப்பிள்ளையின்ரை துவாயை வாங்கித் தலையிலை கட்டிக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஓடினனி. சனம் சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிடேலாமல் கிடந்தது. நெடுங்கேணிச் சந்தையிலை இப்பவும் சின்னப் பெடியள் அந்தக் கதையைச் சொல்லுதுகள்."

மயில்வாகனம் நின்றபடியே நின்றார். பந்தல் நினைவுக்கு வந்தது. துவாயின் சரிகைக் கரைகூட நினைவுக்கு வந்தது. அதோடு மற்றவையும் வந்தன. கிளிநொச்சிச் சந்தையில் முடிவெட்டுகிற பாபர் கடை, மாங்குளம் றெயில் மேடை, அறுவடைக் களம். மோர் கொடுத்து இருத்திய ஒவ்வொரு வழிப்போக்கனுக்கும், தன் சிநேகிதர்களின் கெட்டித்தனத்தை மெச்சுவதாக நினைத்து, இந்தக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதியாம்! கடிதம் எழுதியவன் யாராகவும் இருக்கலாம். அது யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவரவில்லை.

"நீங்கள் கடிதத்தை அண்டைக்கே என்னட்டைக் காட்டியிருந்தால், இதை நான் அண்டைக்கே சொல்லியிருப்பன்," என்றாள் கமலாசனி. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

திங்கட்கிழமை புளியங்குளம், மாங்குளம் வழியாக வீட்டுக்கு வந்தார்கள். படலையைத் திறந்தபோது முன்கதவில் ஒரு கடுதாசி ஒட்டியிருந்தது. கமலாசனி நேரே வேலிப் பொட்டுக்குப் போனாள். நாகேஸ்வரி மறுபக்கத்தில் நின்றாள்.

"கந்தோர் ஐயா வெள்ளி பின்னேரம் ஒருக்கா வந்தவர். இண்டைக்குக் காலமையும் வந்தவர். வீட்டுக்காரர் எங்கை, எப்ப வருவினம் எண்டு கேட்டவர். எனக்குத் தெரியாது எண்டுதான் சொன்னன். வேறை என்னத்தைச் சொல்ல? சாவி தந்தனீங்களோ, சொல்லிப்போட்டுப் போனனீங்களோ?"

அவள் சொன்னதில் என்ன பிழை? காணியில் ஆள் இருப்பதில்லை என்று யாரோ எழுதியதை, மயில்வாகனம் நாலு நாள் வீட்டைப் பூட்டிப்போட்டு மெய்யாக்கிக் கொடுத்துவிட்டார். கதவில் ஒட்டியிருந்ததை வாசித்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. முதலாம் வருடம் அவரோடு அதே கொட்டிலில் இருந்து காடு வெட்டிய இரண்டு பேரைச் சாட்சிக்குக் கொண்டுவர வேண்டும்.

அவர் வாசற்படியில் குந்திவிட்டார். உலகத்தில் அப்படி இரண்டே பேர்தான் என்றும், அவர்கள் யாரென்றும் அவருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை கமலாசனி வரமாட்டேன் என்றுவிட்டாள். எல்லாக் கதவையும் யன்னலையும் திறந்துவைத்து, முற்றத்தில் அடுப்பு மூட்டி, தெருவால் போகிறவர்களுக்குத் தெரிய நின்றாள். மயில்வாகனம் தனியே விசுவமடுவுக்குப் போனார். கதிர்காமநாதன் படலைக்கு வெளியே வந்து, அதைத் தன் பின்னால் சாத்திக்கொண்டு நின்றார். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

மயில்வாகனம் எல்லாவற்றையும் சொன்னார். தவராசா வீட்டில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னார். "என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு முகமில்லை," என்று முடித்தார்.

"எத்தினை மணிக்கு விசாரணை?"

"பத்து."

"வருவன். யாகப்புவையும் நானே கூட்டிக்கொண்டு வாறன். நீ அங்கை போகாதை. மார்கிறட் இன்னும் அழுதுகொண்டிருக்கிறா எண்டு ஆள்மூலம் கேள்விப்பட்டன்."

"காரிலை வந்து ஏத்துறன் மச்சான்."

"பஸ் ஓடுது," என்று சொல்லிவிட்டுக் கதிர்காமநாதன் உள்ளே போனார்.

வியாழக்கிழமை இரண்டு பேரும் பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கக் கந்தோர் விறாந்தையில் நின்றார்கள். கதிர்காமநாதன் ஒன்றையும் ஒளிக்கவில்லை. "ஓம் ஐயா, அவர் பேருக்கு ஓம் எண்டது நான்தான். மனுசன் சாகக் கிடந்தவர். அவர்ரை பங்குக் காட்டை இவன் வெட்டினவன். வெட்டின இடத்திலைதான் இவன்ரை கால் போனது," என்றார். யாகப்பு காற்சட்டையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினான்.

கந்தோர் ஐயா தலையாட்டினார். "யாகப்பு இதெல்லாம் எனக்கு முதலே சொன்னவர். மயில்வாகனத்தாரைப் போலை நிலத்திலை பாடுபடுற ஆள் இல்லை எண்டு என்னை மீன் வாங்க விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார். அதாலைதான் உடனை வெட்டாமல் விசாரணை வைச்சனான். ஆனால் நான் வந்த நேரம் வீடு பூட்டிக் கிடந்ததே?"

கதிர்காமநாதன்தான் சொன்னார்.

"பழைய சிநேகிதரைப் பாக்க வெளிக்கிட்டவர் ஐயா. வெள்ளி, சனி என்ரை வீட்டிலை நிண்டவர். ஞாயிறு மத்தியானம் இவன்ரை வீட்டிலை."

"அறுக்குளா சாப்பிட்டிருப்பார்," என்று கந்தோர் ஐயா சிரித்தார்.

"ஓம் ஐயா. வயிறு நிறையச் சாப்பிட்டவர்," என்றான் யாகப்பு. மயில்வாகனத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காணி அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்கள். தாளை வாங்கி மடிக்கவும் இல்லாமல் மயில்வாகனம் வெளியே ஓடினார். இரண்டு பேரும் தெருவோரம் பஸ்சுக்கு நின்றார்கள்.

"கமலம் சமைச்சு வைச்சிருக்கிறா. ரெண்டு பேரும் வாங்கோ. ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

கதிர்காமநாதன் துணி சுற்றிய கையைப் பார்த்தார். "சாட்சி உண்மைக்குச் சொன்னது மயிலு. சத்தியம் நீ கேட்டது. இனி உன்ரை வீட்டிலை நான் கை நனைக்கேலாது. அது உனக்கும் தெரியும்."

மயில்வாகனம் யாகப்பு பக்கம் திரும்பினார். "நீயாவது வா. உன்னட்டை நான் சத்தியம் கேக்கேல்லையே!"

"கேட்டிருந்தால் பண்ணியிருப்பன் அண்ணை," என்றான் யாகப்பு. "நீங்கள் கேக்கக்கூட இல்லை. மார்கிறட் போட்ட சோத்திலை இருந்து எழும்பிப் போனனீங்கள். அந்தக் கோப்பையை அவ இன்னும் ஒருத்தருக்கும் வைக்கேல்லை."

பஸ் வந்தது. கதிர்காமநாதன் முதலில் ஏறி, யாகப்புவுக்குக் கைகொடுத்து ஏற்றினார். இருவரும் ஒரே இருக்கையில் போய் உட்கார்ந்ததை மயில்வாகனம் பார்த்தார். பஸ் பரந்தன் பக்கம் திரும்பி மறையும் வரைக்கும் தெருவில் நின்றார். பிறகு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு காருக்குப் போனார்.

வீட்டில் கமலாசனி மூன்று கோப்பை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். கார்ச் சத்தம் கேட்டுப் படலைக்கு வந்து, அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவை ரெண்டு பேரும்?"

"பஸ்சிலை போயிட்டினம்."

"காணி?"

"தப்பீட்டுது," என்று தாளை நீட்டினார்.

கமலாசனி அதை வாங்கவில்லை. காய்ந்து வெடித்துக் கிடந்த ஐந்து ஏக்கரையும் ஒருதரம் பார்த்தாள்.

"இனி இதிலை இருந்து ஆரோடை கதைக்கப் போறியள்?" என்றாள்.